எச்சில் தொட்டு அழித்தேன்

அந்தச் சிலேட்டுக்கு மரச்சட்டம் மூன்று பக்கம்தான் இருந்தது. நாலாவது பக்கத்தில் பிள்ளையின் கையைக் கிழிக்காமல் இருக்கப் பழைய துணியைச் சுற்றித் தைத்திருந்தார்கள். அதை இடது கையில் வாங்கினேன். வலது கைக் கட்டை விரலை நாக்கில் தொட்டேன். சிலேட்டின் தலைப்பில் இருந்த மூன்று கிறுக்கல்களை ஒரே இழுப்பில் அழித்தேன்.

அழித்ததோடு விட்டேனா? அதே இடத்தில், ஈரம் காயும் முன்பே, பெரிதாக ஒரு பிள்ளையார் சுழி போட்டேன். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துப் பலப்பத்தைத் திணித்து, சுழியின் மேலேயே இரண்டு தரம் ஓட்ட வைத்தேன்.

"இப்படித்தான் ஆரம்பிக்கணும். தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க டீச்சர்" என்றாள் ஜெய்த்தூன். என் முகத்தைப் பார்க்கவில்லை. சிலேட்டை வாங்கிப் பாவாடைக்குள் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் வரை அதை வெளியே எடுக்கவில்லை.

அவளுக்கு வயது ஆறு. எனக்கு இருபது.

போன வாரம் ஒரு வாசகி எழுதியிருந்தார்: 'இத்தனை வாரமாகப் படிக்கிறேன், நீங்கள் தப்பே செய்ததில்லையா அம்மா?' கேட்ட விதத்தில் கொஞ்சம் குத்தல் இருந்தது. குத்தலுக்கு நான் தகுதியானவள்தான். இந்த வாரம் அவருக்காக எழுதுகிறேன்.

ஊரும் உத்தியோகமும்

ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். காரிமங்கலத்திலிருந்து தர்மபுரிக்குப் போகும் வழியில் இருந்தது என்பது போதும். தர்மபுரி அப்போது தனி ஜில்லா ஆகவில்லை, சேலத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்ததால் பஸ்ஸுக்குப் பெட்ரோல் கிடையாது. கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு அது மேடு ஏறும்போதெல்லாம் நாம் இறங்கி நடக்க வேண்டும்.

சேலத்தில் டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு, ஜில்லா போர்டுப் பள்ளிக்கூடத்தில் ஒண்ணாம் வகுப்புக்கு நான் போனேன். தற்காலிக வேலை. வருஷக் கடைசியில் தலைமை ஆசிரியர் எழுதும் நாலு வரியில்தான் என் தலையெழுத்து இருந்தது. அப்பா இல்லை. சேலத்தில் அம்மாவும் தம்பி தங்கைகளும் என் மணியார்டருக்காகத் தபால்காரரைப் பார்த்தபடி இருந்தார்கள். வேலை போவது என்றால் என்ன என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பள்ளிக்கூடம் என்பது ஒரே நீளமான ஓட்டுக் கூடம். மூங்கில் தட்டி வைத்து ஐந்து வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். ஒரு வகுப்பில் கேட்கும் வாய்ப்பாட்டுக்கு அடுத்த வகுப்பு பதில் சொல்லும். என் வகுப்பில் நாற்பது உருப்படி. பாதிப் பேர் வீட்டில் தமிழ், மீதிப் பேர் வீட்டில் தெலுங்கும் கன்னடமும். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் மூன்று பாஷையில் ஆமாம் வரும். மூன்றும் பெரும்பாலும் பொய்யாக இருக்கும்.

இரண்டு டப்பா

தலைமை ஆசிரியரை எல்லோரும் பெரிய சார் என்பார்கள். ஒல்லியானவர். செருப்புக்கு லாடம் அடித்திருப்பார். அவர் வருவது பத்து அடி முன்னாலேயே கேட்கும்.

கெட்ட மனுஷர் என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளைகளுக்குச் சிரங்கு வந்தால் அவரே வேப்பிலை அரைத்துப் பூசுவார். ஆனால் சாமி விஷயத்தில் அவருக்கு ஒரு பிடி இருந்தது. காலையில் மணி அடித்ததும் சுவரில் மாட்டிய பிள்ளையார் படத்துக்குக் கற்பூரம் காட்டுவார். பிள்ளைகள் வரிசையாக வந்து நெற்றியை நீட்ட வேண்டும். அவரே விபூதி பூசிவிடுவார். பூசாத நெற்றிக்குள் படிப்பு இறங்காது என்பது அவர் கட்சி.

தெலுங்குக்காரர்களில் நாமம் போடுகிறவர்கள் இருந்தார்கள். நான் வருவதற்கு முன்பு ஒரு தடவை அவர்களில் ஒருவர் வந்து, எங்கள் பிள்ளைக்கு விபூதி பூசக்கூடாது என்று சண்டை போட்டாராம். மறுநாளே பெரிய சார் இன்னொரு டப்பாவில் திருமண் வாங்கி வைத்துவிட்டார். ஆக வலது கைப் பக்கம் ஒரு டப்பா, இடது கைப் பக்கம் ஒரு டப்பா. யார் எந்த டப்பா என்று ஒரு நாளும் மாற்றிப் பூசியதில்லை. அந்த ஞாபக சக்தியை நான் இன்றைக்கும் மெச்சுகிறேன்.

முஸ்லிம் வீட்டுப் பையன்கள் ஆறு பேர் மேல் வகுப்புகளில் படித்தார்கள். பூஜை முடியும் வரை அவர்கள் வெளியே கிணற்றடியில் நிற்பார்கள். மணி இரண்டாவது தடவை அடித்ததும் உள்ளே வருவார்கள். அது ஏற்பாடு. யாரும் யாரையும் ஒன்றும் கேட்டதில்லை.

மூன்றாவது டப்பாவுக்கு வழி இல்லை. அதனால் கிணற்றடி.

காதர் பாயின் மகள்

காதர் பாய் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர். கடைவீதி முனையில் துருத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஊரில் எந்த வீட்டுப் பித்தளைப் பாத்திரமும் அவர் கைக்குப் போகாமல் இருந்ததில்லை. கோயில் அண்டாவும் அவரிடம்தான் வரும்.

ஆடி மாதம் முடியும் சமயம் அவர் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "ஓதப் போயி குரானு ஓதிக்கிறாளுங்க. இதும் படிக்கட்டும்னு அவங்க அம்மா ஒத்தக்கால்ல நிக்கறாங்க" என்றார். அந்தத் தெருவிலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்த முதல் பெண் குழந்தை அவள்தான். அவர் சொந்தக்காரர்களுக்கு இதில் சம்மதமில்லை என்று பிறகு தெரிந்தது. அவள் நிலைத்தால் பின்னால் இன்னும் நாலு பெண்கள் வருவார்கள். அவள் நின்றுவிட்டால் இன்னும் பத்து வருஷத்துக்கு ஒருத்தியும் வரமாட்டாள். அதுவும் எனக்குப் பிறகுதான் உறைத்தது.

முதலில் எல்லோரையும் போல மணலில்தான் எழுதினாள். மணலுக்குச் சுழி வேண்டியதில்லை. ஒரு மாதம் கழித்து, "நாளைக்குச் சிலேட்டு கொண்டாரணும்" என்றேன். கொண்டுவந்தாள். அதன் தலைப்பில் ஒரு பள்ளம், ஒரு மேடு, பக்கத்தில் ஒரு கொக்கி. பிள்ளை ஏதோ விளையாட்டுக்குக் கீறியிருக்கிறது என்று நினைத்தேன்.

சிலேட்டில் எச்சில் தொட்டு அழிப்பது எங்களுக்கெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. நான் அப்படித்தான் படித்தேன். கோவை இலை கிடைக்கிற நாளில் இலை, கிடைக்காத நாளில் எச்சில். அன்றைக்கு மட்டும் முப்பது சிலேட்டாவது அப்படி அழித்திருப்பேன். முப்பத்தொன்றாவது அவளுடையது.

வாசலில் நின்றவர்

மறுநாள் ஜெய்த்தூன் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் கிணற்றடி காலியாக இருந்தது. ஆறு பையன்களும் வரவில்லை. எனக்கு அப்போதும் ஒன்றும் புரியவில்லை. அம்மை போட்டிருக்குமோ என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் பதினோரு மணி இருக்கும். காதர் பாய் வகுப்பு வாசலில் வந்து நின்றார். பின்னால் அவர் தெருவைச் சேர்ந்த பெரியவர்கள் இரண்டு பேர். காதர் பாயின் கையில் கரி இருந்தது. வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றார்.

"டீச்சரம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கலாம்னு வந்தனுங்க."

நாற்பது பிள்ளைகளும் சத்தத்தை நிறுத்திவிட்டார்கள். நான் எத்தனை கத்தினாலும் நிறுத்தாதவர்கள்.

"எங்க புள்ள சிலேட்டுல மேல எழுதியிருந்ததை எச்சத் தொட்டு அழிச்சீங்கன்னு சொல்றா. அது எங்க சாமி பேருக்குண்டான கணக்குங்க. அரபியில ஏழு, எட்டு, ஆறு. நாங்க கடுதாசி எழுதினாலும் அதைப் போட்டுத்தான் ஆரம்பிப்போம். அவங்க அம்மா சொல்லிக் குடுத்தாங்க, புதுச் சிலேட்டுல மொத மொத அதை எழுதணும்னு."

நாக்கில் விரலைத் தொட்டது ஞாபகம் வந்தது.

"தெரிஞ்சு அழிச்சீங்களா, தெரியாம அழிச்சீங்களா, அது ஒண்ணுதானுங்க கேக்கறேன். தெரியாமன்னா சலாம் சொல்லிட்டு நான் போயிருவேன். புள்ள நாளைக்கு வந்துரும்."

இவ்வளவு சுலபமான கேள்வியை என் வாழ்க்கையில் யாரும் கேட்டதில்லை. ஒரு சொல் போதும். வாயைத் திறந்தேன்.

லாடச் செருப்புச் சத்தம் கேட்டது.

"இங்க பாருங்க பாய்" என்றார் பெரிய சார், தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து. "இந்த ஸ்கூல்ல சுழி போட்டுத்தான் எழுதறது. எல்லாப் புள்ளைங்களுக்கும் அதான் ரூல். டீச்சர் தெரிஞ்சுதான் அழிச்சாங்க."

காதர் பாய் அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். "நீங்க சொல்லுங்க டீச்சரம்மா."

எனக்கு முன்னால் மூன்று பெரியவர்கள், பக்கத்தில் பெரிய சார், பின்னால் நாற்பது பிள்ளைகள். தரையைப் பார்த்தேன். சேலத்தில் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவை நினைத்துக்கொண்டேன். இப்போது அப்படிச் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் அந்த நேரத்தில் எதையும் நினைக்கவில்லை, பயம்தான்.

"பெரிய சார் சொல்றதுதானுங்க" என்றேன்.

பின்னால் நின்ற பெரியவர்களில் ஒருவர், "அப்பவே சொன்னோம்" என்று மட்டும் சொன்னார். காதர் பாய் தலையை ஆட்டினார். "அப்படீங்களா. சரிங்க. புள்ள பேரை அடிச்சிருங்க."

"மாசக் கடைசியிலதான் அடிக்க முடியும். அதான் ரூல்" என்றார் பெரிய சார்.

மாசக் கடைசிக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.

பெரிய சாரின் நியாயம்

மத்தியானம் அவரிடம் போனேன். "சார், எனக்கு நிஜமாவே தெரியாதுங்க" என்றேன்.

"எனக்குத் தெரியும்மா. நீ முழிச்ச முழியிலயே தெரிஞ்சுது" என்றார். "அது என்னன்னு எனக்கும் தெரியும். பாய் பாத்திரக் கணக்குக்குக் குடுக்கற சீட்டுல பாத்திருக்கேன்."

"அப்ப ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?"

"ஒரு டீச்சர் புள்ளைங்க எதிர்ல எனக்குத் தெரியாதுன்னு சொன்னா, நாளைக்கு அ-வுக்கு அடுத்தது ஆ-ன்னு சொன்னா எவன் நம்புவான்? இதைப் பெரிசு பண்ணாத. அந்தப் பக்கம் போயிராத. நீ போனா ஸ்கூலே போயி மன்னிப்புக் கேட்டதா ஆயிரும். அப்புறம் உன்னைப் பத்தி நான் என்ன எழுதறது, சொல்லு."

மிரட்டலாகச் சொல்லவில்லை. தண்ணீர் குடித்துக்கொண்டே, மகளுக்குச் சொல்வது போலச் சொன்னார். அதனால்தான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

களிம்பேறிய குழம்பு

விஷயம் அதற்குள் ஊருக்குள் போய்விட்டது. ஒரு தெருவில், டீச்சர் அல்லா பெயர் மேல் துப்பினாள் என்று பேச்சு. இன்னொரு தெருவில், பாய் வீட்டுப் பெண் பிள்ளையார் சுழியை எச்சில் தொட்டு அழித்தாள் என்று பேச்சு. வெளியூர்களில் மதக் கலவரம் என்று பத்திரிகைகளில் சேதி வந்துகொண்டிருந்த காலம். சந்தை நாளில் இரண்டு பக்கத்து இளவட்டங்களும் எதிரெதிர் டீக்கடையில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்ப்பது என்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

காதர் பாயிடம் பாத்திரம் கொண்டுபோவதைச் சனங்கள் நிறுத்திவிட்டார்கள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, இவர்கள் போகவில்லை. ஈயம் போன பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் என்ன ஆகும் என்று இந்தக் காலத்துப் பெண்களுக்குத் தெரியாது. பச்சையாகக் களிம்பேறும், வாயில் வைத்தால் நாக்கைச் சுரண்டும். என் வாடகை வீட்டுக்கார அம்மாள் அதைத் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். அப்போதும் கடைவீதி முனைக்குப் பாத்திரத்தை அனுப்பவில்லை. சிரிக்க வேண்டிய விஷயம். ஊரில் ஒருவரும் சிரிக்கவில்லை.

டீச்சர் விளையாட்டு

அந்தப் பதினோரு நாளில் ஏழு நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. எட்டாம் நாள் இடைவேளையில் என் வகுப்புப் பிள்ளைகள் வேப்ப மரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பெண் டீச்சராம். தாவணி மாதிரி ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி ஜெய்த்தூனாம். அவள் சிலேட்டை நீட்டுகிறாள். டீச்சர் அதன் மேல் துப்பினாள். விரலில் தொட்டு அல்ல, நன்றாகக் காறித் துப்பினாள். எல்லோரும் கை தட்டினார்கள். "தெரிஞ்சுதான் அழிச்சாங்க" என்று ஒரு பொடியன் பெரிய சார் குரலில் சொன்னான். அச்சு அசலாக இருந்தது. டீச்சர் உடனே தலையைக் குனிந்து, "பெரிய சார் சொல்றதுதானுங்க" என்றாள்.

என் குரல்தான் அது. நான் இழுக்கிற இழுப்போடு.

அடுத்து யார் ஜெய்த்தூன் என்று அவர்களுக்குள் சண்டை வந்தது. அந்த வேஷத்துக்கு ஒருவரும் வரவில்லை.

ஐந்து வயது, ஆறு வயதுப் பிள்ளைகள். உயிரெழுத்து பன்னிரண்டைச் சொல்லிக்கொடுக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. இதை ஒரே நாளில் படித்துவிட்டார்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் டிபன் டப்பாவைத் திறக்காமல் அந்தத் தெருவுக்கு நடந்தேன்.

காதர் பாய் வீட்டில்

நடு மத்தியானம். தெருவில் நிழலே இல்லை. மசூதிக்கு எதிரே கோரைப்பாய் முடைந்துகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். "காதர் பாய் வூடு எதுங்க?" என்றேன். ஒருவர் மட்டும் கையை நீட்டிக் காட்டினார்.

காதர் பாய் கடையில் இருந்தார். ஆண் யாராவது போயிருந்தால் வாசலோடு திரும்பியிருக்க வேண்டும். நான் பெண் என்பதால் திரையை விலக்கினார்கள். ஜெய்த்தூனின் அம்மா என்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவராக இருப்பார். முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தார். உட்கார் என்று ஒரு கோரைப்பாயை என் பக்கம் தள்ளினார். முகத்தில் சிரிப்பு இல்லை.

அவருக்குத் தமிழ் வராது. எனக்கு உருது வராது. இடையில் ஜெய்த்தூன் உட்கார்ந்தாள்.

"நான் தெரியாமத்தான் அழிச்சேன்னு அம்மாகிட்டச் சொல்லு."

அவள் சொன்னாள். அம்மா ஏதோ கேட்டார்.

"அப்ப ஏன் தெரிஞ்சு அழிச்சேன்னு சொன்னீங்கன்னு கேக்கறாங்க."

"பயந்துட்டேன்னு சொல்லு."

சொன்னாள். அம்மா முறத்தைக் கீழே வைத்தார். அடுத்த கேள்வி சின்னதாக இருந்தது.

"எதுக்குப் பயம்னு கேக்கறாங்க."

ஒரு குழந்தை மூலம் சொல்ல வேண்டிய விஷயமா இது என்று நினைத்தேன். வேறு யாரும் இல்லை. "சொன்னா பெரிய சார் என்னை வேலையில இருந்து எடுத்துருவாரு. எங்க வூட்டுல சோத்துக்குக் கஷ்டம். அதுக்குப் பயம்" என்றேன்.

ஜெய்த்தூன் தலையைத் தூக்கினாள். முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள். பிறகு அம்மா பக்கம் திரும்பி, நான் சொன்னதைவிட நீளமாக ஏதோ சொன்னாள்.

அந்த அம்மாள் முறத்தை ஓரமாகத் தள்ளினார். பிறகு அவர் நிறுத்தி நிறுத்திச் சொல்ல, ஜெய்த்தூன் எனக்குத் திருப்பிச் சொன்னாள்.

"நாப்பது புள்ளைங்க எதிர்ல அழிச்சீங்களாம். இங்க வந்து எங்கிட்டச் சொல்லி என்னா பண்றதாம். அங்க சொல்லணுமாம். நாளைக்கு என்னை அனுப்புவாங்களாம். நீங்க சொன்னா நான் இருக்கணுமாம். சொல்லலைன்னா எந்திரிச்சு வந்துரணுமாம்."

அப்புறம் அவளாகவே, "இனிமே வரவே கூடாதாம்" என்று சேர்த்தாள்.

நாற்பது பேர் எதிரில்

மறுநாள் காலை ஜெய்த்தூன் கிணற்றடியில் தனியாக நின்றாள். பையன்கள் இன்னும் வரவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் காதர் பாய் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே கற்பூரம், விபூதி, இரண்டு டப்பா. இரண்டாவது மணி அடித்தது. அவள் வந்து தன் இடத்தில் உட்காராமல், சிலேட்டோடு வாசல் ஓரமாகவே நின்றாள். எழுந்துபோக வசதியாக.

சத்தம் தட்டியைத் தாண்டிப் போகும் என்று தெரியும். மெல்லப் பேசினால் சொன்னதாகாது என்றும் தெரியும்.

"அன்னிக்கு ஜெய்த்தூன் சிலேட்டுல நான் ஒண்ணை அழிச்சேன். அது கிறுக்கல் இல்ல. அவங்க வூட்டுல சாமி பேரை அப்படித்தான் எழுதுவாங்க. எனக்கு அது தெரியல. தெரியாம எச்சத் தொட்டு அழிச்சுட்டேன். அப்புறம் அவங்க அப்பா வந்து கேட்டப்ப, தெரிஞ்சுதான் அழிச்சேன்னு பொய் சொன்னேன். ரெண்டும் என் தப்பு. அதை யாரும் வெளையாட்டுக்குக்கூடச் செய்யக் கூடாது."

கூடத்தில் ஐந்து வகுப்பும் அடங்கிப் போயிருந்தது. முன் வரிசையில் ஒரு பையன் எழுந்தான்.

"தப்புப் பண்ணா முட்டி போடணுமில்ல டீச்சர். உங்களை யாரு போடச் சொல்லுவாங்க?"

"அதுக்குப் பெரிய சார் இருக்காரு" என்றேன்.

பெரிய சார் தட்டி ஓரத்தில் வந்து நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். என் மேஜை மேல் கிடந்த பலப்பத் துண்டை எடுத்து, பார்த்துவிட்டு, திரும்ப வைத்தார். "ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வரட்டும். நான் எழுதறதை எழுதிக்கறேன்" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார். எனக்கு மட்டும் என்று நினைத்துச் சொன்னார். வாசல் ஓரத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

ஜெய்த்தூன் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். ரோட்டில் நின்ற சைக்கிள் கிளம்பியது. அந்த வாரத்துக்குள் பையன்களும் வந்தார்கள். என் வீட்டுக்கார அம்மாள் பாத்திரங்களைக் கூடையில் போட்டுக் கடைவீதி முனைக்கு அனுப்பினார்.

தப்பைச் சொன்ன அன்றைக்கே அவள் சிலேட்டை நான் பார்த்தேன். தலைப்பில் பள்ளம், மேடு, கொக்கி மூன்றும் இருந்தன. கீழே 'அம்மா' என்று எழுதியிருந்தாள். நான் 'அம்மா'வை மட்டும் திருத்திவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போனேன். எனக்கு அன்று தலைகால் புரியவில்லை. உலகத்தையே ஜெயித்த மாதிரி இருந்தது.

ஈரம்

அந்தச் சந்தோஷம் மூன்று நாள்தான்.

நாலாம் நாள் மத்தியானம் வரிசையாகச் சிலேட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன். தட்டிக்கு அப்பால் லாடச் செருப்புச் சத்தம். பெரிய சார் வகுப்பு வகுப்பாகச் சுற்றி வரும் நேரம் அது. நான் ஜெய்த்தூனிடம் வந்து கையை நீட்டினேன். அவள் சிலேட்டைக் கொடுத்தாள். தலைப்பில் ஒன்றும் இல்லை. அழித்த ஈரம் இன்னும் காயவில்லை. அவளுடைய கட்டை விரல் சாம்பல் நிறமாக இருந்தது.

"ஏன் அழிச்சே? யாரு அழிக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க."

"அப்புறம்?"

அவள் தட்டிப் பக்கம் பார்த்தாள். குரலை நன்றாகத் தாழ்த்திக்கொண்டாள்.

"பெரிய சார் வர்றாருங்க டீச்சர். பாத்தா உங்களுக்கு வேலை போயிருமில்ல."

செருப்புச் சத்தம் உள்ளே வந்தது. எனக்குப் பின்னால் நின்றது. பெரிய சார் என் தோளுக்கு மேலாகக் குனிந்து அந்தச் சிலேட்டைப் பார்த்தார். சுழியும் இல்லை, வேறெதுவும் இல்லை. தலையை ஆட்டிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனார்.

அழிக்காதே, திரும்ப எழுது என்று நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். சிலேட்டு என் கையில்தான் இருந்தது. அவளும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் "கெட்டிக்காரி" என்று சொல்லிச் சிலேட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

அதன் பிறகு தினமும் அப்படித்தான். காலையில் எழுதுவாள். செருப்புச் சத்தம் கேட்டதும் அழித்துவிடுவாள். அவள் அம்மாவிடம் இதைச் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஐந்தாம் வகுப்பு வரை அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். அவளுக்குப் பின்னால் அந்தத் தெருவிலிருந்து மூன்று பெண்கள் வந்தார்கள்.

பெரிய சார் என்னைப் பற்றி நல்லபடியாகவே எழுதினார். வருஷக் கடைசியில் என் வேலை நிரந்தரமாயிற்று.